என்ஜின் எண் ‘இல்லை’: கிளைடரை மீட்டுத் தர வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
தையற்கடையின் மேல்மாடி,
சரிவுக்குக் கீழுள்ள தெரு.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
பறிமுதல் பொருட்கள் பிரிவு.

பொருள்: பறிமுதல் செய்யப்பட்ட கிளைடரை இந்தப் பருவக் காற்று ஓய்வதற்குள் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக அறிவிப்பு, ஜூலை 25.
2. எனது முந்தைய இரண்டு மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தாங்கள் தந்த ரசீதில் அது “பெரிய கிளீனர், மரம், ஒன்று” என்று பதிவாகியிருக்கிறது. அது கிளீனர் அல்ல, கிளைடர். இறக்கை மூன்று மீட்டர். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தைப் பார்த்துச் செய்தது. மர வேலை என்னுடையது. இறக்கைக்குப் பட்டுத்துணி போர்த்தியவன், கீழே தையற்கடை வைத்திருக்கும் என் தம்பி. அதில் என்ஜின் கிடையாது, கேமராவும் கிடையாது. சரிவில் மோதி மேலே ஏறும் காற்று அதைத் தாங்குகிறது. தரையில் நிற்பவர் ரேடியோ கருவியால் அதைத் திருப்பலாம், அவ்வளவுதான்.

2. மேட்டில் புதிதாகக் குடிவந்த ஒருவர், தம் மொட்டைமாடியை ட்ரோன் வேவு பார்ப்பதாகப் புகார் கொடுத்தார். அவர் மாடியில் வேவு பார்க்க என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஜூலை 24 அன்று தங்கள் ஆய்வாளர்கள் இருவர் சரிவுக்கு வந்து என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். உரிமையாளர் என்ற கட்டத்தில், கருவியைக் கையில் வைத்திருந்த தம்பியின் பெயரை எழுதினேன். என்ஜின் எண் என்ற கட்டத்தில் “இல்லை” என்று எழுதினேன். மறுநாள் வந்த அறிவிப்பு அதை “என்ஜின் எண் அழிக்கப்பட்ட விமானம்” என்கிறது. நான் “பொருந்தாது” என்று எழுதியிருக்க வேண்டும். நாற்பது வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சாப்பிட்டவன். அச்சகத்தில் என் பட்டப்பெயரே ‘கமா’. அப்படிப்பட்டவன் ஒரு சொல்லில் கோட்டை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லாத என்ஜினில் இருந்த எண்ணை யார் போய் அழிப்பார்கள் என்று, கையெழுத்துப் போட்டவரும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

3. மேலே ‘பார்வை’ என்று எழுதும்போது என் கை நின்றுவிட்டது. இந்த மனுவே அதைப் பற்றியதுதான். என் தம்பிக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது. ஓரங்கள் போய்விட்டன. குழாய்க்குள் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது இப்போது அவன் மனைவிதான். அந்த மிச்சமும் அக்டோபரைத் தாண்டினால் பெரிது என்று கண் மருத்துவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் மாடிப்படியில் நின்று என்னிடம் சொல்லிவிட்டு, “அவர்கிட்ட நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க மாமா” என்றாள்.

4. சரிவில் நல்ல காற்று செப்டம்பர் கடைசி வரைதான். தாங்கள் விசாரணைக்குக் குறித்திருக்கும் நாள் நவம்பர் 20. அன்று உரிமையாளர் நேரில் வந்து, பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும் என்று அறிவிப்பின் ஐந்தாம் பத்தி சொல்கிறது. இதை எழுதியவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்றே நம்ப விரும்புகிறேன். ஆனாலும் வயிறு எரிகிறது.

5. மூன்று முறை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் முறை அலுவலர் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை கோப்பு கூட்டத்தில் இருந்தது. மூன்றாம் முறை, “ஒரு பொம்மைக்குப் போய் இந்த வயசுல இப்படி அலையுறீங்களே பெரியவரே” என்று முன்மேசைப் பணியாளர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல பிள்ளை. திரும்பும்போது கிடங்கின் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். கிளைடர் ஈரத் தரையில் கிடக்கிறது. இடது இறக்கையின் மேல் உடைந்த நாற்காலி ஒன்று கவிழ்ந்திருக்கிறது. ஈரம் ஏறினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்; பிறகு அது நேராகப் பறக்காது. நாற்காலியையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, அது வேறு வழக்கின் பொருள், தொடக் கூடாது என்றார்கள்.

6. உரிமையாளர் ஏன் மனு செய்யவில்லை என்று தாங்கள் கேட்கலாம். செய்ய மாட்டான். கண் விஷயத்தை அன்னியரிடம் சொல்வதைவிட அவன் கடையையே மூடிவிடுவான். என்னிடமும் சொல்ல மாட்டான், ஏனென்றால் நாங்கள் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம், முகம் பார்ப்பதில்லை. சண்டையின் காரணம் இந்த மனுவுக்குத் தேவையற்றது. எனக்கே அதை இப்போது கோர்வையாகச் சொல்ல வராது. ஆனால் காற்றுக் காலத்தில் ஞாயிறுதோறும் அவன் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்புவான், நான் கிளைடரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எறிவது நான், ஓட்டுவது அவன். முன்பெல்லாம் “விடுண்ணே” என்பான். இப்போது “விடு” என்கிறான். வருடத்துக்கு இருபது முறை அந்த ஒரு சொல். தங்கள் ஆய்வாளர்கள் எடுத்துப்போனது அதையும் சேர்த்துத்தான். கடந்த இரண்டு ஞாயிறும் அவன் கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

7. ஆகவே வேண்டுவது:

அபராதம் உண்டென்றால் என்மேல் போடுங்கள்; படிவத்தை நிரப்பியவன் நான். அடையாளம் காட்டும் நாளை இந்த மாதத்துக்குள் மாற்றுங்கள். அதுவும் முடியாதென்றால், ஒரே ஒரு ஞாயிறு பிற்பகலுக்குத் தங்கள் ஆய்வாளர்கள் காவலோடு கிளைடரைச் சரிவுக்கு அனுப்பிவையுங்கள். புகார்தாரரும் வந்து பார்க்கட்டும். மாலையில் நானே அதைத் தூக்கி வந்து கிடங்கில் வைத்துவிடுகிறேன்.

8. விசாரணை முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். எழுதுமுன் இதைக் கருத வேண்டுகிறேன். தம்பியின் கண் முழுவதும் போன பிறகும் ஓட்டலாம், விரல் மறக்காது. ஆனால் கிளைடர் எங்கே இருக்கிறது, இடமா வலமா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்க என்னைத் தவிர ஆள் இல்லை. பதினோரு வருடம் மூடிய வாயை அன்று திடீரென்று என்னால் திறக்க முடியாது ஐயா. அவனுக்குக் கொஞ்சமாவது கண் தெரியும்போதே நான் சொல்லிப் பழக வேண்டும். தப்பாகச் சொன்னால் அவன் திட்டித் திருத்த வேண்டும். நான் சொல்லத் தயார். கிளைடர் உங்களிடம் இருக்கிறது.

நாள்: ஆகஸ்ட் 9
இடம்: மேல்மாடி

தங்கள் பதிலை நம்பாமலும் எதிர்பார்த்தும்,

(கையொப்பம்)
உரிமையாளரின் அண்ணன்