சட்டைக்கு இனி இஸ்திரி இல்லை

செவ்வாய், இரவு.

பூமியின் சூட்டைத் தணிக்கும் பொருட்டு, இனி என் சட்டைகளுக்கு இஸ்திரி வேண்டாம் என்று போன வாரம் தீர்மானித்தேன். முத்தியால்பேட்டையில் குளிர்ச்சி இன்னும் தெரியவில்லை. இன்று மாலை, தெருமுனையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடும் செல்வி கேட்டாள்.

"என்ன சார், துணியே வரல? வேலை போயிடுச்சா?"

"புகையைக் குறைக்கிறேம்மா."

"வசதி கொறஞ்சா எல்லாரும் எதையாவது கொறைக்கறதுதான், சார். உங்க பாப்பாவுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை வூட்ல நேத்து எங்கிட்டதான் விசாரிச்சாங்க. தங்கமான குடும்பம், இப்பதான் கஷ்டம்னு எடுத்துச் சொன்னேன்."

அவள் பெட்டியிலிருந்து ஒரு புகையிழை எழுந்து, வேப்பமரத்தைத் தாண்டி, நிலாவை நோக்கி அவசரமில்லாமல் போனது. ஒரு நாடு முன்னேறுவதைத் தொலைவிலிருந்து பார்ப்பது போல இருந்தது. வெகுநேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது தரகர் போன் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க அவர்கள் வரவில்லையாம்.