தூசி இல்லாத ரூம்

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து ஒரே அழுகை. பிள்ளைகள்தான், நான் இல்லை. வளர்மதியின் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிறது. அது ஆரம்பித்தால் மற்றதெல்லாம் பின்பாட்டு. தங்கம்மா அக்கா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைத் தூளியில் ஆட்டிக்கொண்டே எனக்கும் வேலை சொல்கிறார். பேருக்கு நான் பொறுப்பாளர், அவர் ஆயா. உள்ளே அவர் வைத்ததுதான் சட்டம்.

சாயங்காலம் சென்னையிலிருந்து இனியா மேடம் போன் செய்தார். பொம்மைக் கம்பெனி எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகளுக்கான எங்கள் காப்பகத்தை, நீலமேகம் பவுண்டேஷன் சார்பில் பார்த்துக்கொள்வது அவர்தான். ஆயா சம்பளம், பால், முட்டை எல்லாம் அவர்கள் தரும் நிதியில்தான் ஓடுகிறது. "அக்கா, அடுத்த வாரம் நேர்ல வரேன். கொஞ்சம் பேசணும்" என்றார். எப்போதும் கலகலவென்று பேசுகிற பெண். இன்று குரலே சரியில்லை. என்னவாக இருக்கும்?

ஜூலை 9, புதன்

வந்தார். சொன்னார். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

பவுண்டேஷனை ஆரம்பித்த பெரியவர் ஒதுங்கிவிட்டாராம். மகன்தான் இனி சேர்மன். எதற்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கிறார். இனிமேல் முன்னுரிமை பாரம்பரியக் கலைகளுக்காம். குழந்தைகள் காப்பகம் 'பழைய திட்டம்'. டெல்டா பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேனைக்கூட நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பேப்பரில் வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆயிற்று. கடற்கரைச் சாலையில் அவர்களுடைய கலை மியூசியம் மட்டும் ஜோராக எழும்புகிறது.

"அவங்க பணம், அவங்க இஷ்டம். நீ ஏன் குதிக்கிற?" என்றார் வீட்டுக்காரர், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே. திருமாலுக்கு எல்லாமே சுலபம். இஷ்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எங்களைத் தேடி அவர்களாகத்தானே வந்தார்கள்? பெண்களை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வேலை நேரத்தில் பிள்ளையை விட்டுவைக்க ஒரு இடம் வேண்டும் என்றோம். காய்ந்த பொம்மையில் பிசிறு சீவும்போது பறக்கிற வெள்ளைத் தூசி, பக்கத்தில் தூங்குகிற பிள்ளையின் மூக்கில்தான் போய் இறங்கும். அங்கன்வாடி மதியத்தோடு முடிந்துவிடும், கைக்குழந்தைக்கு அங்கே இடமும் இல்லை. அன்றைக்கு என்ன கேட்டோமோ அதைத்தான் இன்றைக்கும் கேட்கிறோம். மாறியது நாங்களா?

இனியா ஒரு வழி சொன்னார். எங்கள் பெண்களைப் பரம்பரைக் குயவர்கள் என்று காட்டினால், பாரம்பரிய நிதியிலேயே காப்பகத்தையும் ஒரு ஓரமாகச் சேர்த்துவிடலாமாம். சேர்மனே படம் எடுக்கிறவர்களோடு வருவார். யாராவது சக்கரத்தில் பானை வனைந்து காட்ட வேண்டும்.

"மேடம், இந்த எஸ்டேட்டுல சக்கரம் ஏதுங்க? வண்டிச் சக்கரம்தான் இருக்குது" என்றேன். களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றினால் பொம்மை வருகிறது. இதில் பரம்பரை எங்கே வந்தது? வளர்மதியின் அம்மா கரும்பு வெட்டினவர். என் அப்பா ஜங்ஷனில் தண்டவாள வேலை பார்த்தவர்.

"தெரியும்கா. அவருக்கு அப்படித்தான் பார்க்கப் பிடிக்கும்" என்றார் இனியா. பாவம், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

நடிக்கிறதுதானே, நடித்துவிட்டுப் போவோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். யார் வந்தாலும் ஆரத்தி எடுத்து, சால்வை போட்டு, இளநீர் கொடுத்து அனுப்புகிற ஊர். அதில் இதுவும் ஒன்று.

ஜூலை 18, வெள்ளி

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வாடகைக்குச் சக்கரம் வந்து இறங்கியது. வளர்மதி உட்கார்ந்தாள். சுற்றினாள். மண் எழும்பிப் பறந்து திருமாலின் காக்கிச் சட்டையில் அப்பியது.

"எக்கா, இது சுத்துற சுத்துல எனக்கே மயக்கம் வருது. பேசாம உங்க வூட்டுக்காரர ஒக்கார வைங்க, ஆட்டோ ஓட்டுற கைதானே!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடத் தோன்றியது.

ஜூலை 23, புதன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சேர்மனோடு படம் எடுக்க வந்தவர்கள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காப்பக ஹாலையே கேட்டார்கள். தூளிகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு நடுவில் சக்கரத்தைப் போட்டார்கள். பிள்ளைகளை? பக்கத்து ஷெட்டில் வைக்கச் சொன்னார்கள். பிசிறு சீவுகிற ஷெட்! கொஞ்ச நேரம்தானே என்றார்கள், நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

சேர்மன் மரியாதையான ஆள்தான், குறை சொல்லக் கூடாது. வளர்மதியைப் பார்த்து, "இது எத்தனை தலைமுறையா செய்றீங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் இனியாவைப் பார்த்தேன். இனியா சுவரைப் பார்த்தார். அப்போது தங்கம்மா அக்கா வளர்மதியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு விடாமல் இருமுகிறது. கண்ணிமை வரைக்கும் வெள்ளை.

"குழந்தையக் கொஞ்சம் வெளிய கொண்டுபோங்க, ஃபிரேம்ல வருது" என்றார் கேமராக்காரர்.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இந்தப் புள்ளைக்குத்தான்யா நீங்க காசு குடுத்தீங்க! இத வெளிய தூக்கிப் போட்டுட்டு, இல்லாத பரம்பரையப் படம் புடிக்கிறீங்களா? இங்க யாரும் கொயவர் இல்ல. இந்தச் சக்கரம் வாடகை. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க!"

சேர்மன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "ஒரே இடத்துக்கு எப்பவும் கொடுத்துட்டே இருந்தா, நீங்க எப்பம்மா சொந்தக் கால்ல நிக்கிறது?" என்றார்.

"இன்னும் நடக்கவே கத்துக்காத புள்ளைங்க சார் இது."

ஒருவரும் இளநீர் குடிக்கவில்லை. வளர்மதி சக்கரத்திலிருந்து எழுந்து மண் கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டாள். எனக்கு வருத்தமா? இல்லை. ஒரு துளிகூட இல்லை.

ஜூலை 25, வெள்ளி

இனியா போன் செய்தார். "நிதி லிஸ்ட்டுலேர்ந்து நம்ம பேர எடுத்துட்டாங்கக்கா. நான் பேசிப் பார்த்தேன், கேக்கல." அழுதார். என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மதியம் நடராசன் அண்ணன் வந்து நின்றார். பெரிய பொம்மைக் கம்பெனி அவருடையது, முதலாளிகள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். காப்பகக் கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம். "பவுண்டேஷனே போயிட்டாங்களாமே? கொலு சீசன் வருது பானும்மா. அட்டைப்பெட்டி அடுக்க எடம் வேணும். ஒண்ணாம் தேதி சாவியக் குடுத்துடு."

"புள்ளைங்கள என்னண்ணே பண்றது?"

"அவங்கவங்க புள்ளைய அவங்கவங்க பாத்துக்கணும். அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் கையில் வைக்கவில்லை, மேஜையில் வைத்தேன்.

திருமால், "கோபத்துல எல்லாத்தயும் கெடுத்துக்கிட்டியே" என்றார். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காப்பகம் இருந்திருக்கும். இருந்திருக்குமா? அடுத்த தடவை இன்னொரு வேஷம் கேட்டிருப்பார்கள். போட்டுக்கொண்டே இருப்பதா?

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிப்பெருக்கு முடிந்து இன்று வேலை. பிள்ளைகளை எங்கே விடுவது என்று பெண்கள் எஸ்டேட் கேட் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்றேன். வளர்மதிதான் சொன்னாள்.

"இந்த எஸ்டேட்டுல தூசி இல்லாத எடம் ஒண்ணுதான்கா இருக்குது. மொதலாளி ரூமு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், நேரே நடந்தார்கள். நடராசன் அண்ணன் வருவதற்குள் அவர் ஏசி ரூமில் ஜன்னல் கம்பிக்குக் கம்பி தூளி கட்டியாயிற்று. மற்ற கம்பெனிகளிலும் அதே கதை. தங்கம்மா அக்கா ஒவ்வொரு ரூமாகப் போய் பாலாடையில் பால் புகட்டிவிட்டு வருகிறார். யாரும் வேலையை நிறுத்தவில்லை. அச்சில் கூழ் இறங்குகிறது, சூளை எரிகிறது. பிள்ளைகள் மட்டும் ஏசியில்.

"என்னம்மா இது அக்கிரமம்!" என்று கத்தினார் அண்ணன்.

"அவங்கவங்க புள்ளைய அவங்கவங்கதாண்ணே பாத்துக்கறாங்க. நீங்க சொன்னதுதான்" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கொலு பொம்மை மொத்தமாக வாங்குகிற சென்னைப் பார்ட்டி ஒருவர் நடராசன் அண்ணன் ரூமுக்கு வந்திருந்தார். அலமாரியில் வரிசையாக வைத்திருந்த மாதிரிப் பொம்மைகளில் செட்டியாருக்குத் தலை இல்லை, செட்டியாரம்மாவைக் காணவே காணோம். வளர்மதியின் குழந்தை ஆர்டர் பேப்பர் மேலேயே ஈரம் பண்ணிவிட்டது. பார்ட்டி விழுந்து விழுந்து சிரித்தாராம். நடராசன் அண்ணன் சிரிக்கவில்லையாம்.

பெண்களைத் துரத்தவும் வழியில்லை. சீசன் நேரத்தில் பிசிறு சீவத் தெரிந்த கைக்கு எங்கே போவார்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

சங்கக் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள், வளர்மதியையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு முதலாளி, வேறு பவுண்டேஷன் ஏதாவது பார்க்கலாமே என்று ஆரம்பித்தார்.

"எதுக்குங்க? பொம்ம விக்கிறது நீங்க. செய்யிறது நாங்க. நடுவுல சென்னைக்காரரு என்னாத்துக்கு?" என்றாள் வளர்மதி. ஆறு வருஷமாக அந்த முதலாளி முன்னால் நிமிர்ந்து பேசாதவள்.

தங்கள் ரூம் காலியானால் போதும் என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். சாவி வந்துவிட்டது. ஆயா சம்பளமும் பாலும் முட்டையும் இனி சங்கத்தின் பொறுப்பு. பெட்டியை எங்கே வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கூத்தைக் கேள். பவுண்டேஷன் ஆண்டறிக்கையில் எங்கள் காப்பகம் வரப்போகிறதாம். 'நிதி நின்ற பிறகும் சொந்தக் காலில் நிற்கும் திட்டம்' என்று. அவர்கள் விலகியதால்தான் நாங்கள் நிமிர்ந்தோமாம்! ஒரு போட்டோ வேண்டும் என்று இனியாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"முடியாதுன்னு சொல்லுங்கக்கா. நானும் இந்த மாசத்தோட வேலைய விடுறேன்" என்று அவரே குசுகுசுவென்று சொன்னார்.

பிள்ளைகள் தூங்குகிறார்கள், போட்டோ கீட்டோ எதுவும் எடுக்க முடியாது என்று எழுதச் சொன்னேன். நிதி கொடுத்த நாட்களுக்கு நன்றி என்றும் சேர்க்கச் சொன்னேன். அது நியாயம். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் கேட் திறக்கும்போதே நடராசன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு. மருமகளுக்குப் பேங்கில் வேலை கிடைத்துவிட்டதாம், அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷனாம். "வூட்ல பாத்துக்க ஆளில்ல பானும்மா. ஒரு ஓரமா இருக்கட்டுமே" என்றார்.

குழந்தையை வாங்க நான் கையை நீட்டுவதற்குள் தங்கம்மா அக்கா குறுக்கே வந்துவிட்டார். "கம்பெனித் தூசியோட யாரும் உள்ள வரக் கூடாதுங்க. போயிக் கையக் கால அலம்பிட்டு வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குழாயடியைக் காட்டினேன். அங்கே வரிசை இருந்தது. பேத்தியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, போய் வளர்மதிக்குப் பின்னால் நின்றார்.