சிக்னலில் அணைந்த வண்டி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள மாரிக்கனிக்கு,

நேற்று ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் அணைந்துபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மாப்பிள்ளையைவிட என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் படி. நீ நலமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

இனியவன் என்ற வாடிக்கையாளர் தன் பைக்குக்கு வேகம் கூட்ட இரண்டு பெட்டிகளில் இரண்டு வகை கேம்ஷாஃப்ட் வாங்கி வந்தார். வால்வைத் திறந்து மூடும் தண்டு அது. பந்தயத்துக்கானதைப் போட்டால் வண்டி பறக்கும். மெதுவாகப் போனால் திணறி அணையும். தெருவுக்கு மிதமானதே சரி என்று பெரிய பாடம் நடத்தி அவரைச் சம்மதிக்க வைத்தேன். மாட்டி, நானே ஓட்டிப் பார்த்தேன். முதல் சிக்னலிலேயே மூச்சை விட்டது.

முதலாளி கோவிந்தராசு பிரித்துப் பார்த்தார். "இன்னாய்யா, ரேஸ் கேம்ஷாஃப்டைப் போட்டு வச்சிருக்கே! இனிமே நீ இஞ்சின் பக்கமே வராத. பஞ்சர் ஒட்டு, போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இஞ்சின் வேலை என்றுதானே உன்னைத் தனியே விட்டு இவ்வளவு தூரம் வந்தேன்! பெட்டியை மாற்றி வைத்த படுபாவி யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

இங்கே சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை. பருப்புப்பொடி கொடுத்துவிடு. நீயே கொண்டுவந்தாலும் சரி. டியூப் ஒன்று காத்திருக்கிறது, எழுந்திருக்கிறேன்.

உன்
ஆவுடையப்பன்

பி.கு.: டி.வி. மேல் என் படிக்கிற கண்ணாடியை விட்டுவந்திருக்கிறேன். அதையும் சேர்த்து அனுப்பு. அந்தப் பெட்டிகளின் மேல் எழுத்து ரொம்பப் பொடி.