ஆறு என்று வட்டமிட்டேன்

அன்புள்ள அத்தைக்கு,

மாப்பிள்ளை எழுதுகிறேன். மாமாவின் இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சின் நடுவில் நீங்கள் போனைப் பாப்பாவின் காதில் வைத்துவிடுவீர்கள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் அப்புறம் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கடிதம்.

"கழுத்து சரியாகட்டும் மாப்பிள்ளை, அன்னைக்கே பாப்பாவக் கொண்டாந்து விட்டுடறேன்" என்று நீங்கள் சொல்லி நாலு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் கேட்கிறீர்கள். நானும் ஞாயிறு தவறாமல் "இன்னும் இருக்கு அத்தை" என்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வலி வந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உங்கள் மகள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இடது பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன், அப்படியே தூங்கினேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தலை நேராக நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பிலும் நரம்பிலும் கோளாறு இல்லை, ஒரே பக்கமாக வைத்திருந்ததுதான் என்று சொல்லி ஃபிசியோவிடம் அனுப்பினார்.

அங்கே இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குக் கழுத்து எலும்புகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தித் தளர்த்திவிட்டு, பிறகு பயிற்சி. மீதிப் பேருக்குப் பயிற்சி மட்டும். யாருக்கு எது என்று எழுதி ஒட்டிய உறைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எனக்குக் கை வைத்தியம் வந்தது. எட்டு வாரம். வியாழன்தோறும் முதலில் ஒரு காகிதம் தருவார்கள். வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வட்டமிட வேண்டும். கீழே கேள்விகள்: படிக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா, கனமான பொருளைத் தூக்க முடிகிறதா. எண் இரண்டுக்கு இறங்கிவிட்டால் சிகிச்சை முடிந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்கார அக்கா உட்காருவார். அவருக்குப் பயிற்சி மட்டும்தான். "உனக்கு ராஜ வைத்தியம், எனக்கு இந்த ரப்பர் துண்டு. அதிர்ஷ்டக்காரன்யா நீ" என்று ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே வம்புக்கு இழுப்பார். என் கதை அவருக்குத் தெரியாது. இந்த ஐந்து மாதத்தில் என்னை அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சிரித்துவைத்தேன்.

அவருக்கு எட்டிலிருந்து நாலுக்கு வந்துவிட்டது. எனக்கு ஏழு ஆறானது. அதற்கப்புறம் ஐந்து வாரமும் ஆறுதான். ஃபிசியோ கோணமானியை வைத்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வந்தப்ப வலது பக்கம் முப்பது டிகிரி தாண்டல, இப்ப எழுபது. கழுத்து ஒண்ணு சொல்லுது, காகிதம் ஒண்ணு சொல்லுது. நான் எதைத் தம்பி நம்பறது?" என்றார்.

என் வேலை எடைப்பொறி சரிபார்ப்பது என்று உங்களுக்குத் தெரியும். பத்து கிராம் பிசகினாலும் பொறியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு வருவேன். தெரிந்தவர் கடை என்று விட்டதில்லை. அப்படிப்பட்டவன்தான் அத்தை ஐந்து வாரமாகப் பொய் எண் எழுதினேன்.

ஃபிசியோவின் கட்டைவிரல் பின்னங்கழுத்தில் பதிவது நின்றுவிடும் என்று பயம். அவள் போனபிறகு என்னை யாரும் தொடவில்லை. வாரத்துக்கு இருபது நிமிடம் அது ஒன்றுதான். இதை மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

பெரிய பயம் வேறு. காப்பகத்திலிருந்து நான் பாப்பாவைக் கூட்டி வரும் நேரத்துக்கு உங்கள் மகள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கேதான் ஓடுவாள். "கண்டுபுடிச்சேன்" என்று கத்துவாள். இப்போது வந்தாலும் முதலில் அங்கேதான் ஓடுவாள்.

போன சனிக்கிழமை அந்தக் கதவைக் கழற்றினேன். கதவு இல்லையென்றால் பின்பக்கமும் இல்லை, அவ்வளவுதான் யோசித்தேன். கீல்களைத் திருகி எடுத்து, தனியாளாகத் தூக்கிப் பால்கனியில் சாத்தினேன். சாத்தியபிறகுதான் உறைத்தது, கழுத்து வலிக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் சுவரில் உங்கள் மகள் தலை உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் மங்கியிருக்கிறது. சாய்ந்து சாய்ந்து நின்ற இடம். கதவைத் திரும்ப மாட்டிவிட்டேன். சரியாக உட்காரவில்லை, தரையில் உரசுகிறது.

இன்று வியாழன். காகிதத்தில் மறுபடியும் ஆறு என்று வட்டமிட்டேன். பிறகு ஃபிசியோவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நாலு பேருக்கு எந்த வைத்தியம் கேட்கும் என்று பார்க்கத்தான் இத்தனை பாடும் என்று சொல்லி, என் காகிதங்களுக்குக் குறுக்கே கோடு போட்டார். "உங்க கணக்கைச் சேக்க முடியாது. கழுத்து சரியாயிடுச்சு தம்பி, இனி நான் கை வைக்க அதுல ஒண்ணுமில்ல" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா, "என்னய்யா, இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க?" என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். "அதைக் கொஞ்சம் சந்தோசமாத்தான் சொல்லேன்யா" என்றார்.

கழுத்து வலி இல்லை அத்தை. சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்குத் தலை பின்னத் தெரியாது. அம்மா எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கே அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று இதுவரை நான் உங்களைக் கேட்டதே இல்லை. பெற்றவளாக உங்கள் வாயில் அது எப்படி வந்ததோ. எழுதுங்கள், நானும் அதையே சொல்கிறேன்.

உங்களுக்குத் தோதான நாளில் அழைத்து வாருங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். வாசலில் பாப்பாவைக் கீழே இறக்கிவிடாதீர்கள், ஓடிவிடுவாள். தூக்கி என் கையில் கொடுங்கள். கழுத்து வலிக்கிறது என்று அப்போதும் சொல்வேன். கேட்காதீர்கள் அத்தை. கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை