கண்டம் மூழ்காது, ரமணி

என் ரமணிக்குட்டனுக்கு,

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத வாய் இது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீ இல்லை என்றான பிறகு தினமும் கூப்பிடுகிறது.

நம் தெருக்காரர்கள் வருஷா வருஷம் போடும் மலருக்கு இந்தத் தடவையும் கட்டுரை கேட்டு வந்தார்கள். "மாமி, வழக்கம்போல கடல் கொண்ட நாட்டைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்துடுங்கோ" என்றார்கள். சரி என்றேன். அந்த நாலு பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ என்னை அவமானப்படுத்தியது வலியசாலைத் தெரு முழுக்கத் தெரியும். மிச்சத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் உனக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது சரி. கண்டம் மூழ்காது.

அந்த நவராத்திரி உனக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. படிக்கிறவர்களுக்காக நான் சொல்கிறேன். நம் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால் பெரிய வெண்கல உருளி வைப்பேன். அதில் களிமண்ணால் ஒரு நாடு. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருந்து கடலில் போனதாக நாம் சொல்லிக்கொள்ளும் குமரிக்கண்டம். மலை, ஆறு, கோட்டை, கடுகு அளவில் மாடுகள். தாம்பூலம் வாங்கப் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் செம்பால் தண்ணீர் விடுவேன். கோட்டை போகும், ஆறு போகும், கடைசியில் மலை உச்சியும் போகும். குழந்தைகள் கத்துவார்கள். மறுநாள் காலையில் சேற்றை அள்ளி மறுபடி நாட்டைக் கட்டுவேன். அதைப் பார்க்கவே பழவங்காடியிலிருந்து ஆட்கள் வந்ததுண்டு.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அது. கூடம் நிறைய ஆட்கள். நீ உன் பெண்டாட்டி விஜயத்தோடு வந்திருந்தாய். காலேஜில் ஜியாலஜி சொல்லிக்கொடுக்கிறவன், கையில் சுண்டல் தொன்னையோடு நின்று பார்த்தாய். "பாத்தேளா, கடல் போன வருஷம்கூட வந்து காட்டிட்டுப் போச்சு" என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய்.

"அக்கா, வந்த கடல் திரும்பிப் போச்சே, அதைச் சொல்லலையா? களிமண்ணை வெச்சுண்டு கண்டத்தை முழுக அடிக்கறே. கண்டம் முழுகாது. அது மிதக்கற சரக்கு."

"புஸ்தகத்துல இருக்குடா."

"எந்தப் புஸ்தகம்? இந்தத் தெருவுல அச்சடிச்சதா?" பெண்கள் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. "எட்டாங் கிளாஸோட நின்னவா பூமி சாஸ்திரம் பேசினா இப்படித்தான் ஆகும்" என்றாய்.

எட்டாங் கிளாஸோடு நான் நிற்கவில்லை, ரமணி. நிறுத்தினார்கள். ஒருத்தரைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா சொன்னார். அந்த ஒருத்தர் நீ. உன் பாடத்தை உன்னிடம் கேள்வி கேட்டுக் கேட்டு ஒப்புவிக்கவைத்தவள் நான். தோசைக்கு அரைத்துக்கொண்டே கேட்டதில் உன் பத்தாங் கிளாஸ் பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். உனக்கு அது தெரியாதா? தெரிந்தும் சொன்னாயா? இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

அன்றைக்கு நான் உருளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் கவிழ்த்தேன். விஜயம் தாம்பூலம் வாங்காமலே உன் பின்னால் போனாள். அதற்கப்புறம் நீ பட்டம் பகுதியில் உன் வீட்டில், நான் வலியசாலையில். நடுவில் ஒரு பஸ் தூரம்.

உன்னைத் தோற்கடிக்கத்தான் படிக்க ஆரம்பித்தேன். அதை மறைப்பானேன்? லைப்ரரியில் மலையாளத்தில் கிடைத்ததை முதலில் படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகங்கள். பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். உன் அத்திம்பேர் இருந்தவரை, "யாரு மேலே கேஸ் போடப் போறே?" என்று கேலி செய்வார். உன் மேல்தான்.

என் கட்சிக்கு ஆதாரம் கிடைக்கும் என்று ஒவ்வொரு புத்தகமாகத் திறந்தேன். ஒவ்வொன்றும் உன் கட்சிக்குப் போனது. இந்தப் பக்கமும் ஆப்பிரிக்கப் பக்கமும் ஒரே மாதிரி பிராணிகளின் எலும்பு கிடைத்ததாம். அப்படியானால் நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் ஊகித்தார்களாம். நாம் அதை நம்முடைய பழைய கடல்கோள் கதையோடு ஒட்டிக்கொண்டோம். பிறகு கடலின் அடியையே அளந்து பார்த்தபோது அங்கே முழுகிய கண்டம் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் கனமான கரும்பாறை. கடல் நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. அதன் வழியாகப் பாறைக்குழம்பு வந்து இறுகி, இரண்டு பக்கமும் தரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கண்டங்களின் பாறை அதைவிட லேசானது. கடல்தரை அதன் அடியில் புகுந்து போகும். கண்டம் மேலேயே நிற்கும். நீ சொன்ன அதே வார்த்தை, மிதக்கிற சரக்கு.

நடுவில் இருந்த நிலம் முழுகவில்லை. நடுவில் நிலமே இல்லை. இரண்டு கரையும் ஒட்டி இருந்தன, பிரிந்தன. இதைப் படித்த மத்தியானம் புத்தகத்தை மூடிவிட்டேன். இருபது வருஷம் தெருவுக்கெல்லாம் நான் காட்டியது பொய்.

அதோடு விட்டேனா? நம் ஊருக்கு அடியில் இருக்கும் பாறைக்கும் மடகாஸ்கரில் இருக்கும் பாறைக்கும் ஒரே ஜாதி என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே துண்டு. மடகாஸ்கர் அங்கேயே தங்கிவிட, இந்தப் பக்கம் வடக்கே போய் ஆசியாவில் முட்டி இமயமலையை எழுப்பியது. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? பஸ் ஏறி விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போனேன்.

அங்கே துறைமுகம் கட்டும் கிரேன்கள் ஆகாசத்தை மறைத்துக்கொண்டு நின்றன. கரையோரப் பாறையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல், அதில் மாதுளம் முத்துப் போலச் சிவப்புப் புள்ளிகள். மீன் கூடையோடு வந்த ஒருத்தி நின்றுவிட்டாள்.

"எந்தா அம்மச்சி, பாறை வாங்கான் வந்ததோ?"

"பாக்க வந்தேன். இதோட மறுபாதி கடலுக்கு அந்தாண்ட ஆப்பிரிக்கா பக்கம் இருக்கு, தெரியுமா?"

அவள் கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ அவிடெயும் ஒரு அம்மச்சி இதுபோல குனிஞ்சு நோக்குந்நுண்டாவும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அங்கேயும் ஒரு கிழவி குனிந்து பார்க்கிறாளாம், நானும் சிரித்தேன். உடனே இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பட்டத்துக்குப் போகிற பஸ் பக்கத்தில்தான் நின்றது. ஏறவில்லை. பாறைக்குக் கோபம் கிடையாது, அடியில் இருக்கும் சூட்டுக்கு அது விலகுகிறது. எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஏன் ஏறவில்லை என்று கேட்பாய். எனக்கும் ஒரு கட்சி மிச்சம் இருந்தது. கண்டம் மூழ்காது, ஆனால் கரை மூழ்கும். வெகுகாலத்துக்கு முன் உலகத்துப் பனி உருகிக் கடல் மட்டம் ஏறியபோது, குமரி முனையைச் சுற்றி ஆழமில்லாத நிலமெல்லாம் தண்ணீருக்குள் போனது. அதுவும் உன் ஆட்கள் எழுதிய புத்தகத்தில்தான் இருக்கிறது. கடல் கொண்டது என்று நம் முன்னோர் சொன்னதில் ஒரு பிடி உண்மை இருக்கலாம். அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாங் கிளாஸ் என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு நான் என் தோல்வியைச் சொல்வேன். இதுதான் நான் போட்டுவைத்த வரிசை. நீ முதலில்.

இப்போது யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன். போன மீன மாசம், பங்குனியில், விஜயம் போன் செய்தாள்.

"அக்கா, அவருக்கு முடியலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆத்துக்கே கூட்டிண்டு வந்துட்டோம். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கோ."

"அவன் கூப்பிடச் சொன்னானா?"

"இல்லக்கா. நானாத்தான் கூப்பிடறேன்."

"அவன் கூப்பிடட்டும். வரேன்."

"அவரால பேச முடியலை அக்கா."

"தலையாட்ட முடியுமோல்லியோ? அக்கா வரட்டுமான்னு கேளு. ஆட்டினான்னா சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ சொன்னது சரி என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும், ரமணி. விழிஞ்ஞம் போய்வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெரிந்துகொண்டேதான் தலையாட்டச் சொன்னேன்.

உன்னிடம் அவள் கேட்டாளா? கேட்டு, நீ ஆட்டவில்லையா? ஆட்டியும் அவள் எனக்குச் சொல்லவில்லையா? இதை நினைக்காமல் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடும் இறங்கியதில்லை.

அந்தப் போன் வந்த பதினோராம் நாள் நீ போன செய்தி வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் உன்னைத் தைக்காட்டு மயானத்துக்கு எடுத்துப்போயிருந்தார்கள். கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஜயம் தலை நிமிர்ந்து பார்த்தாள். "இப்போ யாரு கூப்பிட்டு வந்தேள்?" என்று கேட்டாள். நான் வாசலோடு திரும்பினேன்.

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு மறுபடி வந்து ஓரமாக நின்றேன். உன் பழைய மாணவர் ஒருவர், மலையாளி, தலை நரைத்தவர், என்னிடம் வந்தார். "சாரோட சேச்சியா? அந்த உருளி சேச்சி?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை வகுப்பில் வைத்துக் கேலி செய்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

"எல்லா பேட்ச்சுக்கும் முதல் கிளாஸ் அதுதான் சேச்சி" என்றார் அவர். "உருளியில தண்ணி வச்சு, சேச்சி செஞ்ச நாட்டைப் பத்திச் சொல்லுவார். ஏன் அது தப்புன்னு எங்களைக் கேப்பார். யாராவது சிரிச்சா கோபம் வரும். 'சிரிக்கண்டா. என்னைப் படிக்க வைக்கத்தான் அவளை எட்டாங் கிளாஸ்ல நிறுத்தினாங்க. அவளை விட்டிருந்தா இவிடெ நில்க்கேண்டது அவளாணு'ன்னு பறயும்."

இங்கே நிற்க வேண்டியவள் அவள் என்று சொல்லியிருக்கிறாய். எத்தனை வகுப்பு, எத்தனை வருஷம். ஊரார் பிள்ளைகள் எல்லோரிடமும் சொன்னாய். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் ஒரு பஸ் தூரத்தில் இருந்தாள். இதைக் கேட்டு நான் உருகிப்போவேன் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். உருகவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. செத்துப்போனதால் நீ செய்தது சரியாகிவிடாது. நான் செய்தது மட்டும் உயிரோடு இருப்பதால் சரியாகிவிடுமா?

அங்கே விஜயம் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த மலர் அச்சாகி வருவதற்கு முன்பே நான் போவேன். யாரும் கூப்பிடவில்லை. கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன், மறுநாளும் போவேன். என் பிடிவாதத்தின் அளவு அவளுக்குத் தெரியும். திறந்தால், போன் வந்த அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரியும் என்பதை அவள் முகத்துக்கு நேரே சொல்வேன். அவள் திட்டட்டும்.

நீ தலையாட்டினாயா என்று மட்டும் அவளிடம் கேட்க மாட்டேன். அதைக் கேட்டால், பதில் எதுவானாலும், அந்தப் பாரம் அவள் தலையில் போய் விழும். அது என்னுடையது. தெரியாமலே நான் சாகிறேன், ரமணி. இது உன் மேல் சத்தியம்.

உனக்கு மூத்தவள், கோபம் தீராத உன் உடன்பிறந்தாள்,
பகவதி அக்கா
வலியசாலை, திருவனந்தபுரம்