கொய்யாவுக்கு ஈஸ்டர் வரை கெடு

மார்ச் 9, 2025, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் மாமா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் மகன், என் வீட்டுக்காரர் லாரன்ஸ், பழைய கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு ஷெட் போட கொய்யா மரத்தை வெட்டணுமாம். "பூச்சி புடிச்ச மரத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற?" அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி இந்த வடக்கனந்தல் வீட்டுக்கு வந்த மறுநாளே 'என்னுது' என்று நான் சொந்தம் கொண்டாடியது அந்த மரத்தைத்தான்! கெஞ்சிக் கூத்தாடி, பூச்சியை ஒழித்துக் காட்ட ஈஸ்டர் வரை கெடு வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 12
மருந்து அடித்தேன். மாவுப்பூச்சி மேல் பட்டதெல்லாம் முத்து முத்தாக உருண்டு விழுகிறது. அதுகள் நனையவே இல்லை. நான்தான் நனைந்தேன்.

மார்ச் 15
மருந்துக்கடை அறிவுச்செல்வன் அண்ணன் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். மருந்தோடு சேர்க்கிற ஒட்டுத் திரவமாம். "இத சேத்தா மருந்து பரவி ஒட்டிக்கும்மா. லிட்டருக்கு அரை மில்லிதான். ஜாஸ்தி ஊத்துனா இலை கருகிடும்." அரை மில்லியா? கண்ணுக்குத் தெரியுமா அது? இருந்தாலும் சந்தோஷத்தில் இப்போதே குதிக்கணும்போல இருக்கிறது!

மார்ச் 16
ஐயோ. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. மருந்தடிக்கிற காலி டேங்கில் முதலில் ஒரு மூடி திரவத்தை ஊற்றி, அதன் மேல் குழாயைத் திறந்துவிட்டேன் — பாத்திரம் தேய்க்கிற பழக்கம்! நுரை டேங்கை விட்டு இறங்கி, கோழிகளைத் துரத்தி, மாமாவின் செருப்பை மூடிவிட்டது. மாமா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் லேப் உதவியாளராக இருந்தவர். நுரையைப் பார்த்துக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை, நான் அளந்த விதத்துக்குத்தான். "மூடியிலயா அளந்த? மூடியிலயா?" நாலு தடவை கேட்டார்.

மார்ச் 17
மாமாவே ஊசி இல்லாத புது சிரிஞ்சு வாங்கி வந்தார். எனக்குக் கையுறை, மாஸ்க். பத்து லிட்டர் தண்ணீர், அப்புறம் மருந்து, கடைசியில் ஐந்து மில்லி திரவம் — கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளந்தார். "ஒரு கெளையில மட்டும் அடி. ரெண்டு நாள் பாப்போம்." வெட்டப் போகிற மரத்துக்கு எதுக்கு மாமா ரெண்டு நாள்? கேட்கவில்லை. நான் என்ன பைத்தியமா?

மார்ச் 19
கருகலை! கருகவே இல்லை! முழு மரத்துக்கும் அடித்தோம். இலை முழுக்க மருந்து வழவழவென்று பரவியதைப் பார்த்து நான் கை தட்டினேன். மாமா முறைத்தார்.

ஏப்ரல் 3
பூச்சி காய்ந்து உதிர்கிறது. பிஞ்சு நாற்பத்தொன்று என்கிறார் மாமா. நான் எண்ணினால் முப்பத்தெட்டு. பெரிய சண்டை.

ஏப்ரல் 20
ஈஸ்டர். கெடு இன்றோடு சரி. மாமா மரத்தடியில் நின்று கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரியாணித் தட்டோடு ஜன்னலில் நின்று அவரையே பார்த்தேன்.

மே 4
கார் வந்தது. ஷெட் எங்கே என்று லாரன்ஸ் கேட்டார். மாமா பின்பக்கம் கூட்டிப்போனார். கொய்யாவின் தாழ்ந்த கிளைகளைக் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறார் — எப்போது கட்டினார்? — கீழே ஒரு கார் நிற்கிற அளவுக்கு.

"மேல காக்கா எச்சம் போடுமேப்பா?"

"கழுவிக்கோ. நெழல்தான வேணும்?"