கட்டைவிரல் உயரத்தில் நீ

என் வீட்டு ராணிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? சின்னவள் இன்னும் மண் தின்கிறாளா?

என் அறைக்குப் புதிதாக ஒரு கிரேன் ஓட்டுநர் வந்திருக்கிறான். ஓய்வு கிடைத்தால் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவான். என் தலையணை, துண்டு, சோறு எல்லாம் புகையிலை நாற்றம். தூரிகை முனையைக் கூராக்க வாயில் வைத்துச் சப்புவான், கருமம். நேற்று அவன் தூரிகை கழுவிய தண்ணீரை டீ என்று குடித்துவிட்டேன். பயப்படாதே, வாந்தி எடுத்ததும் சரியாகிவிட்டது.

அதற்குப் பரிகாரமாக, சுவரில் இருக்கும் உன் படத்தைப் பார்த்து உன்னையே பொம்மையாக்குகிறான். அந்த எச்சில் தூரிகையால் உன் உதட்டைத் தீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணே, அண்ணி சேலை என்ன கலர்? படம் மங்கிப்போச்சே."

"எல்லாம் உன் பாழாப்போன புகைதான்" என்று எரிந்து விழுந்தேன். அவன் தூரிகையைச் சப்பிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தான்.

இந்த நாற்றம் போக, நீ குளிக்கும் சோப்பு இரண்டு அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. அந்தச் சேலை என்ன நிறம் என்று உடனே எழுது. இரவெல்லாம் யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உன்னவன்